ஏழாம் எண் கவிதையும் மெர்வின் கரண்டியும்

எங்கள் ஊர் குரிங்கலில் ஒரு கவிதை நிற்குமா விழுமா என்பதை மெர்வ் டகர்ட்டின் கரண்டிதான் சொல்லும். ஆண்டுக்கு ஒருமுறை, ஆட்டுக் கண்காட்சியின் இரண்டாம் நாள் காலையில், ஊர் மன்றத்தில் கவிஞர் விருந்து நடக்கும். விருந்து என்றால் காலைச் சாப்பாடுதான். சாசேஜும் முட்டையும் தட்டில் வைத்துக்கொண்டு நீள மேசைகளில் ஊர் உட்கார்ந்திருக்கும். மெர்வ் எழுந்து நின்று, தன் நீல இனாமல் மக்கைக் கவிழ்த்து வைத்து, டீ கலக்கும் கரண்டியால் அதைத் தட்டிக்கொண்டே, போட்டிக்கு வந்த கவிதைகளைப் படிப்பார். அழுத்திச் சொல்ல வேண்டிய அசையில் கரண்டி விழும். கவிதை ஒழுங்காக இருந்தால் கரண்டியும் குரலும் கைகோத்துப் போகும். இல்லையென்றால் கரண்டி மட்டும் தனியாக விழுந்து 'டங்' என்று கேட்கும். அந்த 'டங்'கைக் கேட்கத்தான் பாதிப் பேர் வருவார்கள்.

மெர்வ் என்னைப்போலவே பள்ளியைப் பாதியில் விட்டவர். ஊராட்சி மாதிரியான ஷயர் கவுன்சிலில் மண்சாலைகளைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டி ஓட்டினார், முழங்கால் ஒத்துழைக்க மறுக்கும்வரை. மழை இல்லாத ஊரில் மண்சாலை அலை அலையாகக் கெட்டிப்பட்டுவிடும். அதன்மேல் வண்டி ஏறி இறங்கும் சத்தத்தில்தான் தனக்குத் தாளம் பிடிபட்டது என்பார். ரேடியோவில் கேட்டும், ஆடுகளுக்குக் கம்பளி வெட்டுகிறவர்களோடு தங்கியபோது கேட்டும், நீள நீளமான கதைப்பாட்டுகளை மனப்பாடம் செய்திருந்தார். யாராவது யாப்பு என்றால் என்ன என்று கேட்டால் அவருடைய பதில் எப்போதும் ஒன்றுதான்.

"முதல் அடியில நாலு தட்டு. ரெண்டாவதுல மூணு. மறுபடி நாலு, மறுபடி மூணு. ரெண்டாவது அடி எப்படி முடியுதோ நாலாவதும் அதே மாதிரி முடியணும். அதுதான் ஜோடி. இதுக்கு மேல ஏதாவது சொன்னான்னா அவனுக்கு வேலை இல்லைன்னு அர்த்தம்."

அவர் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. ஒருமுறை பாதிரியாரின் கவிதையில் கரண்டி தனியாக விழுந்துகொண்டே இருந்தது. அதற்கு ஊர் 'கோயில் மணி' என்று பெயர் வைத்தது. பாதிரியாரும் சிரித்துவிட்டு அடுத்த ஆண்டு ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தார்.

மெர்வுக்கு ஒரு தம்பி. லைல். பண்ணைகளில் தண்ணீர் இறைக்கும் உயரமான காற்றாடிகளையும் பம்புகளையும் பழுது பார்ப்பவர். தனியாக இருக்கிறார். லைலுக்குப் பேச்சில் ஒரு தடை உண்டு. மற்றச் சொற்கள் மெதுவாகவாவது வந்துவிடும். 'ப' என்று தொடங்கும் சொல் வந்தால் உதடு மூடிக்கொள்ளும், திறக்காது. திக்கித் திக்கிச் சொல்வதில்லை. சத்தமே இருக்காது. முகம் அப்படியே நின்றுபோகும். பார்க்கிறவர்களுக்குத்தான் மூச்சு முட்டும்.

பள்ளியில் லைலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மெர்வ். தம்பியின் உதடு மூடியதும் அந்தச் சொல்லை அண்ணன் சொல்லிவிடுவார். கடையிலும் அப்படித்தான், பேங்கிலும் அப்படித்தான், டாக்டரிடமும் அப்படித்தான். இருவருக்கும் தலை நரைத்த பிறகும் அது மாறவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. இரண்டு கையிலும் வாளி தூக்கி வருகிறவனுக்குக் கேட்டைத் திறந்து விடுவதுபோலத்தான் மெர்வ் அதைச் செய்தார். கடைக்காரர்களும் லைலிடம் கேள்வி கேட்டுவிட்டு மெர்வின் முகத்தைப் பார்க்கப் பழகியிருந்தார்கள்.

அண்ணன் இல்லாத இடத்தில் லைல் சுற்றுவழியில் போவார். பம்ப் என்று சொல்ல வராது, அதனால் 'கிழவி' என்பார். அவரால் இப்போது சுற்றுவட்டாரப் பண்ணைகளில் எல்லாருமே அப்படித்தான் சொல்கிறார்கள். "எங்க கிழவி ரெண்டு நாளா தண்ணி இழுக்க மாட்டேங்குறா லைல், ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்று போன் செய்வார்கள்.

இந்த ஆண்டுப் போட்டிக் கவிதைகள் வழக்கம்போல டைப் அடித்து, பெயர் இல்லாமல், எண் மட்டும் போட்டு மெர்வ் வீட்டுக்கு வந்தன. கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவர் மனைவி நோலீன் என்னிடம் சொன்னாள், "ஏழாம் நம்பர் ஒண்ணு வந்திருக்கு. அதப் படிச்சதுல இருந்து இந்த மனுஷன் தூங்கல." நோலீன்தான் மன்றத்துச் சமையலறைக்குத் தலைவி. நான் அவளுக்கு எடுபிடி.

மெர்வின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஏழாம் எண் கவிதையில் நான்கு செய்யுள். முதல் மூன்றிலும் தட்டு ஒழுங்காக வருகிறது, நான்காம் அடி கடைசிச் சொல்வரைக்கும். ஜோடி சேரவேண்டிய அந்த இடத்தில் மட்டும் பொருத்தமில்லாத ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது. ஜோடிச் சொல் தெரியாமல் விட்டதாக இருக்கவே முடியாது. குழந்தைகூடச் சொல்லிவிடும். தவிர, கடைசிச் செய்யுளில் ஜோடி அச்சாகப் பொருந்தியிருக்கிறது.

"தெரியாதவன்னா மன்னிச்சிடலாம்," என்று நோலீனிடம் குதித்தாராம். "இவன் தெரிஞ்சே பண்றான். கையில சாவிய வச்சிக்கிட்டு ஜன்னல் வழியாக் குதிக்கிறான்."

அதை எழுதியது யார் என்றும் அவரே முடிவு செய்துவிட்டார். ஆண்டுத் தொடக்கத்தில் சிட்னியிலிருந்து இமோஜன் செயில் என்று ஒரு இளம் ஆசிரியை வந்திருந்தாள். நூலகத்தில் ஒருநாள் பேசும்போது, பழைய ஜோடி எல்லாம் வேலி மாதிரி, இந்தக் காலத்துக் கவிஞர்கள் அதைத் தாண்டிக் குதிக்கிறார்கள் என்று சொல்லியிருந்தாள். எங்கள் ஊரில் வேலியைத் தாண்டுகிறவன் ஆட்டுத் திருடன். மெர்வ் அந்த வார்த்தையை மறக்கவில்லை. வெளியூர்க்காரி, படித்தவள், கொஞ்சம் அடி வாங்கினால் தாங்குவாள் என்று கரண்டியைத் தீட்டிக்கொண்டார்.

விருந்தன்று காலை லைல் மன்றத்துக்கு வந்தபோது நான் டீ பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் எல்லா ஆண்டும் வருவார். பாய்லரைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். இந்த முறை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முடி வெட்டியிருந்தார். கழுத்தில் ஒரு டை வேறு.

"என்ன லைல், யாருக்குக் கல்யாணம்?" என்றாள் நோலீன்.

"சும்மாதான்." பாய்லரைத் தூக்கி மேசையில் வைத்தார். "சாயங்காலம் லாரியில எத்தன மணிக்கு ஆரம்பிக்கிறாங்க?"

"மூணு மணி. நீ எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்," என்று மறுபடி சொல்லிவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த கடைசி மேசையில் போய் உட்கார்ந்தார்.

மாலையில் மைதானத்தில் ஒரு லாரியை நிறுத்தி அதன்மேல் மெர்வ் ஏறி ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுவார். எழுதியவருக்கு விருப்பம் இருந்தால் மேலே ஏறி, தாளைப் பார்க்காமல் தன் கவிதையைத் தானே சொல்ல வேண்டும். பரிசு கிடைத்ததா இல்லையா என்பது வேறு விஷயம். எழுதியது யார் என்று ஊருக்குத் தெரிவது அப்போதுதான். ஏறாதவரின் பெயரை யாரும் கேட்கக் கூடாது, போட்டிச் செயலாளரும் சொல்ல மாட்டார்.

ஆறு கவிதைகள் முடிந்தன. மெர்வ் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏழாவது தாளை எடுத்தார். முகத்தில் ஒரு சந்தோஷம்.

"ஏழாம் எண். மழை வந்த நாள். இந்த ஊர்ல மழையப் பத்தி எழுதாதது யாருன்னா, அது மழை ஒண்ணுதான்."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு கரண்டி விழ ஆரம்பித்தது.

காய்ந்த நிலத்தில் காற்று நடந்து
கதவைத் தட்டி ஓடியது;
சாய்ந்த வேலிக் கம்பியில் ஒரு
சாம்பல் குருவி அழைத்தது.

டங். கரண்டி தனியாக விழுந்தது.

"கேட்டுச்சா? நாலு, மூணு, நாலுன்னு குதிரை அழகா ஓடி வருது. வீட்டு வாசலுக்கு வந்ததும் கால் மடங்கி விழுது. ரெண்டாவது அடி என்னன்னு முடிஞ்சது? ஓடியது. அப்ப இந்தக் குருவி என்ன பண்ணியிருக்கணும்?"

கம்பளி வெட்டும் கூட்டத்துக்குக் காண்ட்ராக்டர் ட்ரெவர் ஓக்ஸ். நடு மேசையிலிருந்து அவர் வாயில் சாசேஜோடு சொன்னார், "பாடணும்."

"எல்லாரும் சொல்லுங்க."

"பாடியது," என்றது மன்றம். சமையலறையில் நாங்களும் சொன்னோம். நன்றாகத்தான் இருந்தது.

குட்டை வற்றிச் சேறாய்க் கிடந்தது,
கூட்டமாய் ஆடுகள் காத்தன;
எட்டத்தில் எங்கோ தூசி எழுந்தால்
எல்லாம் ஒன்றாய் நோக்கின.

டங்.

"நோக்கினவாம். நம்ம ஊர் ஆடு என்னிக்கு நோக்கிச்சு? சிட்னி ஆடா இருக்கும். காத்தன, அப்புறம்?"

"பார்த்தன," என்று இந்த முறை மன்றம் கேட்பதற்கு முன்பே தயாராக இருந்தது. பிள்ளைகள் தங்கள் மக்குகளைக் கவிழ்த்துக் கரண்டியால் தட்டத் தொடங்கியிருந்தார்கள். மெர்வ் அடிக்கொருமுறை ஆசிரியை உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார், முகம் சிவக்கிறதா என்று.

தகரக் கூரையில் தாளம் கேட்டுத்
தண்ணீரோடு திளைத்தோம்;
அகல நின்ற அனைவரும் கூடி
அன்று மீண்டும் வாழ்ந்தோம்.

டங் விழக்கூட நேரம் இல்லை. "பிழைத்தோம்," என்று மன்றமே சேர்ந்து சொன்னது, மேசைகளைத் தட்டிக்கொண்டு. ட்ரெவர் ஓக்ஸ் எழுந்து நின்று குனிந்து வணக்கம் வைத்தார், ஏதோ தானே எழுதினதுபோல.

மெர்வின் கரண்டி மேலே போனது. கீழே வரவில்லை.

தாளில் அந்தச் சொற்கள் இல்லை. அதனால் வீட்டில் தனியாகப் படித்தபோது அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. இப்போது ஊரே வாய்விட்டுச் சொல்லி, மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காதால் கேட்டுவிட்டார். பாடியது. பார்த்தன. பிழைத்தோம். மூன்றிலும் முதலில் மூடித் திறக்கும் அதே உதடு. வாழ்நாள் முழுக்க அவர் இன்னொருவருக்காகச் சொல்லிக் கொடுத்த அதே எழுத்து.

அவர் ஆசிரியையைப் பார்த்தார். அவள் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தபடி, தட்டில் இருந்த முட்டையை ரொட்டியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மெர்வின் கண் மெதுவாகக் கடைசி மேசைக்குப் போனது. லைல் நேராக உட்கார்ந்திருந்தார். உதடு மூடியிருந்தது, சொல் வராதபோது மூடுமே அப்படி. ஆனால் அவர் எதையும் சொல்ல முயலவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எங்கள் சமையலறை வழியாகவே பின்பக்கம் போனார். போகும்போது என் வாளி வழியில் இருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

"சரி," என்றார் மெர்வ். "மீதி... நேரமாச்சு. எட்டாம் எண்."

எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் கரண்டி விழுந்தது. சத்தம்தான் வந்தது. அதில் கணக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

தட்டுகளை எடுக்கப் போனபோது ஏழாவது தாள் மெர்வின் நாற்காலிக்கு முன்னால் கிடந்தது. அவர் படிக்காமல் விட்ட கடைசிச் செய்யுளைப் படித்தேன்.

வறண்ட காலம் வாயை அடைக்கும்,
வந்து நிற்கும் மூச்சு;
இறங்கும் மழையில் இளகும் நிலமென
எனக்கும் உண்டு பேச்சு.

மேலிருந்து கீழாக இன்னொரு முறை பார்த்தேன். கவிதை முழுக்க 'ப' என்று தொடங்கும் சொல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கடைசிச் சொல். மூன்று முறை ஜோடியை விட்டுக்கொடுத்து, காதைப் பசியோடு காக்க வைத்து, கடைசியில் ஒரே ஒரு இடத்தில் கொடுப்பதாக எழுதியிருந்தார். மேடையில் தானே நின்று சொல்வதற்காக அளவெடுத்துத் தைத்த கவிதை. கொஞ்ச நாளாக லைல் காற்றாடி உச்சியில் நின்றுகொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், யார் நாயைக் கூப்பிடுகிறாரோ என்று பண்ணைக்காரர்கள் சொல்லிச் சிரித்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மெர்வ் சமையலறைக்குள் வந்தார். நோலீன் சோப்பு நுரையில் கைவிட்டபடி திரும்பிப் பார்க்கவில்லை.

"அது டீச்சரம்மா இல்ல," என்றார்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீ ரெண்டாவது தடவை ஊரக் கத்த வச்சப்ப."

"ஒரு சாடை காட்டியிருக்கக் கூடாதாடி?"

"நீ எங்க என் பக்கம் பாத்த? அந்தப் பொண்ணு மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டிருந்த."

மெர்வ் ஒரு துண்டை எடுத்துக் காய்ந்த தட்டையே துடைத்தார். "அவன் எழுதுவான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல நோலீன்."

"சொல்ல வாயெடுத்திருப்பான். நீ பாதியில முடிச்சு வச்சிருப்ப."

அவர் துண்டை வைத்துவிட்டுப் பின்கதவு வழியாகப் போனார். நான் அதற்குள் எச்சில் வாளியோடு கோழிகளுக்குப் போட வெளியே போயிருந்தேன். லைலின் சின்ன லாரி தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. அவர் பின்பலகையைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போக வேண்டுமென்றால் அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் போகவேண்டும். தொட்டியின் நிழலில் அப்படியே நின்றுவிட்டேன்.

"லைல்."

லைல் கழுத்து டையைத் தளர்த்தினார்.

"உன்னுதுன்னு தெரியாதுடா."

"தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சிருந்தா கரண்டியத் தொட்டிருப்பேனா? நேரா முதல் பரிசு."

"அதுவும் இதேதான்," என்றார் லைல்.

மெர்வுக்கு அது உடனே உறைக்கவில்லை. உறைத்தபோது தொப்பியைக் கழற்றிவிட்டார். கையில் அதை என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

"சாயங்காலம் நீ மேல ஏறு. நான் பக்கத்துலயே நிக்குறேன். எவனாவது சத்தம் போட்டான்னா நான் இறங்கி வந்து—"

"குருவி அழைத்தது, அப்படின்னு நான் சொன்னதும் இந்த ஊர் என்ன சொல்லும்?"

மெர்வ் மன்றத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரே காலையில சொல்லிக் குடுத்துட்டியே," என்றார் லைல். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கேட்க இன்னும் சுலபமாக இருந்திருக்கும். "சின்னக் கொழந்தைக்கெல்லாம் தெரியும். இனிமே அத எங்கயும் சொல்ல முடியாது. நான் நிறுத்துற இடத்துல அவங்க ஆரம்பிச்சிருவாங்க."

"அப்ப நான் ஏறி மன்னிப்புக் கேக்குறேன். அளந்தது தப்பு, கவிதை சரி, எதனால சரின்னு விளக்கிச் சொல்றேன்."

"யாருக்காக?"

"உனக்காகத்தான்டா."

"எனக்காக நீ—"

லைலின் உதடு மூடிக்கொண்டது. என்ன சொல் என்று எனக்குத் தெரிந்தது. மெர்வுக்குக் கட்டாயம் தெரிந்தது. அவருடைய கை தன்னையறியாமல் முன்னால் வந்தது, கேட்டைத் திறக்கப் போகிறவர்போல. பிறகு அந்தக் கையால் தன் வாயையே பொத்திக்கொண்டார். கோழிகள் என் காலைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருந்தன. லைல் முயன்றார். கழுத்து நரம்பு தெரிந்தது. வரவில்லை.

"—எனக்காக நீ வாயத் திறந்தது இதோட ஆகட்டும்," என்றார் கடைசியில், வேறு வழியாகச் சுற்றி வந்து. "மேல ஏறி ஒண்ணும் சொல்லாத. யாரு எழுதினதுன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லு. அது ஒண்ணு செய்."

"சரி," என்றார் மெர்வ்.

அன்று மதியம் முழுக்க அந்தச் சரியைச் சுமந்துகொண்டு அலைந்தார். மைதானத்தில் அவர் எங்கே போனாலும் அந்தக் கவிதை அவருக்கு முன்னால் போய் நின்றது. கம்பளிக் கொட்டகையில் ஒரு கிழவர், "என்ன மெர்வ், குருவி பாடிச்சா?" என்றார். ஜாம் போட்டிக்கு வந்த பெண்கள் அவரைப் பார்த்ததும், "நாங்க நோக்கல, பாத்தோம்," என்று சொல்லிச் சிரித்தார்கள். இத்தனை ஆண்டில் மெர்வுக்கு இவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை. இதுவரை நடந்த விருந்துகளிலேயே இதுதான் சிறந்தது என்றார்கள். அவர் தொப்பி விளிம்பைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்.

பீர் கூடாரத்தில் ட்ரெவர் ஓக்ஸ் தோளில் கைபோட்டார். "யாருப்பா அந்த ஏழாம் நம்பர்?"

"தெரியாது."

"டீச்சர்தானே? சும்மா சொல்லு."

"தெரியாதுன்னேன்ல."

"அவகிட்டயே கேட்டேன். இல்லைன்னுட்டா. அப்ப இன்னொரு பைத்தியம் நம்ம ஊர்லயே இருக்கு."

"இருக்கு," என்றார் மெர்வ். "கையில ஒரு கிளாஸ் வச்சிக்கிட்டு நிக்குது." ட்ரெவர் சிரித்தார். மெர்வ் தன்னைத்தான் சொல்லிக்கொண்டாரோ என்று எனக்குத் தோன்றியது. அப்போது அவருடைய கையிலும் ஒரு கிளாஸ் இருந்தது.

இரண்டரை மணி இருக்கும். நான் லாரிக்குப் பக்கத்தில் டீ மேசை போட்டுக்கொண்டிருந்தேன். ஆசிரியை இமோஜன் மெர்விடம் வந்தாள்.

"மிஸ்டர் டகர்ட், நான் எழுதினேன்னு சொல்றாங்களாம். நான் எழுதல."

"தெரியும்மா. மன்னிச்சுக்க."

"அதுக்கில்ல. அந்தக் கவிதை மண்டையில சுத்திக்கிட்டே இருக்கு. எழுதினவங்களுக்குக் காது ரொம்ப நல்லா இருக்கு. மூணு தடவையும் நம்மளையே அந்தச் சொல்ல நினைக்க வச்சு, குடுக்காம வச்சுக்கிறாங்க. எதுக்காகவோ சேத்து வைக்கிறாங்க. கடைசிச் செய்யுள் நீங்க படிக்கல. அதுல என்ன வந்துச்சு?"

ஊருக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகாதவள் சாசேஜ் சாப்பிட்டபடி ஒருமுறை கேட்டதிலேயே கண்டுபிடித்திருந்தாள். மெர்வ் அந்தத் தாளை இரண்டு வாரம் வைத்திருந்தவர். எழுதியவனின் மூச்சு எங்கே நிற்கும் என்று அவனோடு ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்.

"அது நான் சொல்றதுக்கில்லம்மா," என்றார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளை வெளியிலிருந்தே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு லாரிமேல் ஏறினார். ஒன்றாம் எண்ணைக் கூப்பிட்டார், ஒரு பள்ளிக்கூடப் பையன் ஏறினான். மூன்றாம் எண் பாதிரியார். கைதட்டல், ஈக்கள், வெயில். லைல் கம்பி வேலியோரம் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். டையைக் கழற்றியிருந்தார்.

"ஏழு," என்றார் மெர்வ்.

யாரும் எழுந்திருக்கவில்லை. வழக்கமாக அவர் ஒரு மூச்சு விடும் நேரம்தான் காத்திருப்பார். இன்று காத்துக்கொண்டே இருந்தார். லைலைப் பார்த்துவிடக் கூடாது என்று கம்பளிக் கொட்டகையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

பின்னாலிருந்து ட்ரெவர் ஓக்ஸின் குரல் வந்தது. "பாடியது."

வெடித்தது சிரிப்பு. பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டார்கள், "பார்த்தன, பிழைத்தோம்," என்று தாளம் போட்டுக்கொண்டு. லாரியின் பக்கப்பலகையை யாரோ தட்டினார்கள், நாலு, மூணு, நாலு, மூணு.

மெர்வின் முகம் இறுகியது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தினால் ஏன் கத்துகிறார் என்று ஊர் கேட்கும். கேட்டால் தேடும். தேடினால் அவருடைய கண் எந்தப் பக்கம் போகாமல் இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும். ஆகவே அவர் சிரித்தார். மேலே நின்று, எல்லாரும் பார்க்க, அவர்களோடு சேர்ந்து சிரித்தார். பல்வலிக்காரனைப் போட்டோவுக்கு நிறுத்தியதுபோல இருந்தது அந்தச் சிரிப்பு. நான் டீ மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

வேலியோரம் லைல் எழுந்தார். லைல் பேண்ட்டில் இருந்த தூசியைத் தட்டிவிட்டு மன்றத்துக்குள் போனார், நாற்காலிகளை அடுக்க.

"எட்டு," என்றார் மெர்வ்.

பரிசு பாதிரியாருக்குப் போனது.

வெயில் இறங்கியபின் மன்றத்தில் நீள மேசைகளை மடித்துச் சுவரோரம் கொண்டுபோனார்கள். அந்த மேசைகள் கனமானவை. டகர்ட் சகோதரர்கள்தான் எப்போதும் தூக்குவார்கள், ஒரு முனையில் அண்ணன், மறுமுனையில் தம்பி. அன்றும் தூக்கினார்கள். ஒருவர் பின்னால் நடக்க, ஒருவர் முன்னால் நடக்க, காலடி மாறாமல். வாசற்படியில் மெர்வின் முழங்கால் தடுமாறியபோது லைல் நின்று, அவர் சரியானதும் நடந்தார்.

கடைசி மேசையைத் தூக்கியபோது நோலீன் ஏப்ரனை அவிழ்த்தபடி வந்தாள். "லைல், ஆட்டுக்கறி அடுப்புல இருக்கு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போ."

கண்காட்சி முடிகிற அன்று அவர் எப்போதும் அங்கேதான் சாப்பிடுவார். கேட்கிற வழக்கம்கூட இல்லை. அவள் இன்று கேட்டாள். நோலீனின் கண் பழக்கத்தில் மெர்விடம் போனது, "வருவான்" என்று அவர் சொல்வதற்காக. மெர்வ் மேசையின் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரல," என்றார் லைல்.

அந்தச் சொல்லில் அவருக்குத் தடை எதுவும் இல்லை. தெளிவாக வந்தது. தன் பக்கத்து முனையை மெதுவாகத் தரையில் வைத்தார், விரல் நசுங்காமல், சத்தம் வராமல். எனக்கும் நோலீனுக்கும் தலையசைத்துவிட்டு வெளியே போனார். சின்ன லாரி கிளம்பும் சத்தம் கேட்டது, பிறகு மண்சாலையில் அது ஏறி இறங்கும் சத்தம், பிறகு அதுவும் இல்லை.

நோலீன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். மெர்வ் தன் பக்கத்து முனையை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றார்.